மகவை இழந்தார் மொழி

கிண்டித் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கித் தொழிற்பேட்டைப் பக்கமாகவோ சிறுவர் பூங்காப் பக்கமாகவோ நடந்து செல்வோர் எவரும் 'கண்ணீர் அஞ்சலி'ச் சுவரொட்டிகளைக் காணாமல் செல்ல இயலாது. சென்னையின் எல்லாப் பகுதிகளிலும் இவை உண்டு. எனினும் நாள்தோறும் இவ்வழியே சென்றுவரும் நமக்குக் கிண்டிச் சுவர்களே இவ்வகையில் பாடநூலாயின. மேலே கண்ணீர் சொட்டும் இரு விழிகள். நடுவே மறைந்தவர் படம். ஒருபுறம் 'தோற்றம்', மறுபுறம் 'மறைவு' எனத் தேதிகள். கீழே துயரத்தில் பங்குகொள்வோர் பட்டியல். இந்த அமைப்பில் மாற்றம் பெரும்பாலும் இருப்பதில்லை.

முதியவர் ஒருவர் மறைந்தால் மக்கள், மருமக்கள், பேரன், பேத்தியர் என அப்பட்டியல் குலமரம் போல் விரியும். மறைந்தது இளம்பிள்ளையாயின் நண்பர்களின் பெயர்களே பெரிய எழுத்தில் நிற்கும். பெற்றவர்களோ பெரும்பாலும் கடைசி வரியில், 'பிரிவால் வாடும் பெற்றோர்' என்னும் அளவில் அடங்கிவிடுவர். 'பெற்றோர்' என்பது இலக்கணப்படி பலர்பால். தாயையும் தந்தையையும் ஒருங்கே சுட்ட அச்சொல் போதும். ஆனால் ஒரு பிள்ளையை இழந்த வீட்டில் இருப்பது ஒரு துயரம் அன்று, இரண்டு. அவ்விரண்டும் வெவ்வேறு மொழி பேசுகின்றன என்பதும், ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காமற் போவதுண்டு என்பதுமே இக்கட்டுரையில் நாம் கூற விழைவன.

தமிழ் இலக்கணம் இவ்வேறுபாட்டை மிகப் பழங்காலத்திலேயே ஒருவகையில் பதிவு செய்துள்ளது. தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்து, இழவை அவற்றுள் ஒன்றாக வைத்தார். நிலையாமை கூறும் காஞ்சித்திணையில், கணவனை இழந்தவளுக்குத் தாபத நிலை என்றும், மனைவியை இழந்தவனுக்குத் தபுதார நிலை என்றும் துறைகள் அமைந்தன. மகனை இழந்து தானும் மாயும் தாய்க்குத் தலைப்பெயல் நிலை என்று ஒரு துறை உண்டு. மகனை இழந்த தந்தைக்கோ தனித்துறை இல்லை. மனைவிக்காக அழும் ஆடவனுக்கு இடம் அளித்த இலக்கணம், பிள்ளைக்காக அழும் ஆடவனுக்கு இடம் ஒதுக்கவில்லை. அவன் அழவில்லை என்பது இதன் பொருளாகாது. அவன் அழுகைக்கு ஒரு வடிவம் அமையவில்லை என்பதே நாம் கொள்ளத்தக்கது.

புறநானூற்றின் 278-ஆம் பாட்டு மாணவர் அனைவரும் அறிந்தது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் புறமுதுகு காட்டினான் என்று பிறர் கூறக் கேட்ட முதியவள் வாளேந்திக் களம் சென்று, சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, ஈன்ற பொழுதினும் பெரிது உவந்தாள் என்பது அதன் கருத்து. 'வீரத்தாய்' என்ற ஒரு சொல்லோடு இதற்கு விடை எழுதி முடிப்பது மாணவர் வழக்கம். விடைத்தாள் திருத்தும் நமக்கு அது பழகிவிட்டது. ஆனால் அந்த மூதாட்டி செய்த செயலைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். குருதி படிந்த களத்தில், வீழ்ந்து கிடந்த உடல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத் தன் மகனைத் தேடுகிறாள். அத்தேடல் எத்துணை நேரம் நீண்டதோ! அவள் உவந்தாள் என்று புலவர் கூறுவது உண்மை. அவள் தேடினாள் என்பதும் அதே பாட்டில் உள்ள உண்மையே. துயரம் அவ்வுவகைக்கு அடியில் கிடக்கிறது. வீரயுகம் அதனை மேலே வர விடவில்லை.

வீரயுகத்துக்குப் பின் தாயின் துயரம் தனக்கென ஒரு பெருவடிவம் கண்டது. அதுவே ஒப்பாரி. ஒப்புச் சொல்லி அழுவதால் அப்பெயர் பெற்றது என்பர். நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' போன்ற தொகுப்புகள் ஏட்டில் ஏறாதிருந்த இவ்வாய்மொழிச் செல்வத்தைக் கற்றோர் கண்முன் வைத்தன. கற்றோர் பலர் இதனை நாகரிகமற்ற ஓலம் என்று ஒதுக்கியதும் உண்டு. ஓலம் வேறு, ஒப்பாரி வேறு. ஒப்பாரிக்கு இசையுண்டு, அடியுண்டு, மூச்சு விடும் இடமுண்டு. ஒருத்தி சொல்ல மற்றவர் தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டு உடன் அழும் ஒழுங்குண்டு. அறிவு தடுமாறும் வேளையில் பற்றிக்கொள்ள ஒரு கயிறு அது.

ஒப்பாரியின் மொழியமைப்பில் இருகூறுகள் நம் கருத்தைக் கவர்கின்றன. முதலாவது, விளி. சுவரொட்டி மறைந்தவனைப் படர்க்கையில் வைத்துப் பேசும். ஒப்பாரி முன்னிலையில் வைத்துப் பேசும். அதுவும் எத்தகைய விளி! பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அவனை 'என்னைப் பெத்த ராசா' என்கிறாள். மகளாயின் 'என்னைப் பெத்த தாயே' என்கிறாள். பெற்றவள் தான் பெற்றதையே தன்னைப் பெற்றதாகச் சொல்லும் இம்முறைமாற்றம் கொஞ்சலிலும் வரும், இழவிலும் வரும். தாலாட்டிய வாயே ஒப்பாரியும் வைப்பதால் தொட்டில் சொற்கள் பாடைக்கு அருகே மீண்டும் வந்துவிடுகின்றன.

மற்றொன்று, அடுக்கு. நீ உடுக்காத பட்டு, நீ உண்ணாத பண்டம், நீ ஏறாத மணவறை எனப் பிள்ளை காணாமற்போன ஒவ்வொன்றையும் தாய் அடுக்கிச் செல்வாள். பெரியவர் இறந்தால் அவர் வாழ்ந்த வாழ்வைச் சொல்லி அழலாம். சிறுபிள்ளைக்கு வாழ்ந்த வாழ்வு குறைவு. ஆகவே வாழாத வாழ்வே பாடுபொருள் ஆகிறது.

இந்த அடுக்கு முறையின் மிகப் பழைய சான்று நம் சென்னையிலேயே, கிண்டிக்குத் தொலைவில் இல்லாத மயிலாப்பூரில் இருப்பதாக நாம் கருதுகிறோம். மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை மலர் கொய்யச் சென்றபோது பாம்பு தீண்டி இறந்தாள். அவளைத் திருஞானசம்பந்தருக்கே மணமுடிக்க எண்ணியிருந்த தந்தை, எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்திலிட்டுக் கன்னிமாடத்திலே வைத்து, அணியும் பட்டும் சாத்தி, நாள்தோறும் அமுதும் விளக்கும் படைத்துக் காத்திருந்தார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. சம்பந்தர் மயிலைக்கு வந்து பாடிய பதிகம் அவளை விளித்து, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமலே போய்விடுவாயோ என்று வினவுவது. பதிகத்தின் முடிவில் அவள் உயிர்பெற்று எழுந்தாள் என்பது சைவர் நம்பிக்கை. நாம் நோக்குவது பாட்டின் நடையை. இழவு வீட்டுத் தாயின் அடுக்கே அது. கற்றோர் இலக்கியமும் கல்லார் வழக்கும் இங்கே ஒரே வாய்க்கால் வழி ஓடுகின்றன.

சிவநேசரிடம் நாம் காண வேண்டியது இன்னொன்று. அவர் புலம்பிய புலம்பலைக் காட்டிலும் அவர் செய்த செயலே நம் நினைவில் நிற்கிறது. குடத்திற்குப் பட்டுடுத்தினார், உணவு படைத்தார். சொல்லுக்குப் பதில் செயல். இழவு வீடுகளைக் கவனித்தோர் இதனை அறிவர். பெண்டிர் உள்ளே கட்டி அழும்போது ஆடவர் வெளியே நிற்பர். ஆளனுப்புவது, மூங்கில் வாங்குவது, குழி தோண்டச் சொல்வது, வந்தவர்க்கு நாற்காலி போடுவது என ஏதேனும் ஒரு வேலையில் தந்தை நுழைந்துவிடுவார். இறுதிச்சடங்குக்கே 'காரியம்' என்று பெயர் வைத்த மக்கள் நாம்.

ஒரே பிள்ளைக்காகத் தாயும் தந்தையும் அழும் காட்சியைத் தமிழில் முழுமையாகக் காட்டியவர் கம்பரே எனத் துணிந்து கூறலாம். யுத்தகாண்டத்தில் இந்திரசித்து வதைப் படலத்தை அடுத்து வருவது இராவணன் சோகப் படலம். மகன் மாண்ட செய்தி கேட்டு இராவணன் போர்க்களம் செல்கிறான். முதலில் அவன் கண்டது மகனின் கை, பிறகு உடல், தலை அங்கில்லை. மூவுலகும் வென்றவன் பிணக்காட்டில் மகனைத் துண்டு துண்டாகத் தேடி அழுகிறான். புறநானூற்று மூதாட்டி செய்த அதே தேடல், இங்கே தந்தைக்கு வாய்த்தது. உடலை நகருக்குள் கொணர்ந்தபின் மண்டோதரி வந்து விழுகிறாள். அவள் அழுகை போர்க்களத்தைப் பற்றியதன்று. சதங்கை கட்டித் தவழ்ந்த பருவத்தில் சிங்கக் குருளைகளைப் பற்றி வந்து வீட்டு முற்றத்தில் மோதவிட்டு மகன் விளையாடியதை அவள் நினைக்கிறாள். அவனை மீண்டும் தவழும் பிள்ளையாக்கிக் கண்முன் நிறுத்திக்கொள்கிறாள். பிறகு, நாளை தன் கணவனுக்கும் இதுவே நேருமே என்று அஞ்சுகிறாள். இராவணன் துயரமோ சினமாக மாறுகிறது. இத்தனைக்கும் காரணம் சீதையே என்று வாளெடுத்துப் புறப்பட, மகோதரன் தடுத்து நிறுத்துகிறான்.

தாயின் துயரம் பின்னோக்கிச் சென்று பிள்ளையின் மழலைப் பருவத்தை எட்டுகிறது. தந்தையின் துயரம் முன்னோக்கிப் பாய்ந்து எவரையேனும் பொறுப்பாக்கத் தேடுகிறது. இன்று மருத்துவமனை வாயில்களில் கூச்சலிடும் தந்தையரைக் காணும்போது நமக்கு இப்படலமே நினைவுக்கு வரும். அவர் சினம் எப்போதும் நியாயமானதென்று நாம் கூற வரவில்லை. அது அழுகையின் ஒரு வடிவம் என்று மட்டும் அறிதல் வேண்டும். 'பெற்ற மனம் பித்து' என்னும் பழமொழியைத் தாய்க்கே உரியதாக நாம் வழங்குகிறோம். பழமொழி அவ்வாறு வரையறுக்கவில்லை.

இனி, நம் சமுதாயத்தில் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சிறிது கூறியே ஆகவேண்டும். மய்யித்தின் மீது ஒப்பாரி வைத்து அழுவதும் மாரடிப்பதும் மார்க்கத்தில் விலக்கப்பட்டவை. இருப்பினும் நம் பாட்டிமார் அடுப்படியில் முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டு, மெல்லிய குரலில் ஒப்புச் சொல்லி அழுததை நாம் இளமையில் கேட்டிருக்கிறோம். மார்க்கமும் மண்ணும் சந்திக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. நம் கவலை அதைப் பற்றியது அன்று. விலக்கப்பட்டது ஓலமே, கண்ணீர் அன்று. இந்த வேறுபாட்டைப் பலர் மறந்து, அழாதிருப்பதே 'சபூர்' என்று எண்ணிவிடுகின்றனர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு இதற்குத் தெளிவான விளக்கம் தருகிறது. ஃபாத்திமா (ரலி) ஒருவர் நீங்கலாக ஏனைய மக்கள் அனைவரையும் தம் வாழ்நாளிலேயே இழந்தவர்கள் அவர்கள். மதீனாவில் குழந்தை இப்ராஹீம் இறக்கும் தறுவாயில் நாயகத்தின் கண்கள் நீர் சொரிந்தன. 'தாங்களுமா?' என்று தோழர் ஒருவர் வியந்து வினவ, இது இரக்கத்தின் வெளிப்பாடு என்றும், கண் அழும், உள்ளம் வருந்தும், இறைவனுக்கு உவப்பில்லாததை நா மட்டும் சொல்லாது என்றும் பொருள்பட அவர்கள் விடை பகர்ந்ததை நபிமொழி நூல்கள் கூறும். குழந்தை இறந்த அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கி.பி. 632-ஆம் ஆண்டு அது. நபியின் பிள்ளைக்காகக் கதிரவனே இருண்டது என மக்கள் பேசத் தொடங்கினர். உலகக் காவியங்கள் யாவும் இத்தகைய கற்பனைக்காக ஏங்குவன. அவர்களோ, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திரர்க்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்களிடம் எடுத்துரைத்தார்கள். தம் மகனை அன்றே அடக்கிய ஒரு தந்தை கூறிய சொல் இது. அழுதார்கள், ஆனால் அழுகைக்காக உண்மையை ஓர் அணுவும் வளைக்கவில்லை.

கபரருகே அழுதுகொண்டிருந்த தாய் ஒருத்தியிடம் அவர்கள் பொறுமை கொள்ளுமாறு கூற, ஆளறியாத அவள், 'எனக்கு நேர்ந்தது உமக்கு நேரவில்லை, அப்பால் செல்லும்' என்னும் பொருள்பட எரிந்து விழுந்தாள் என்பதும் பதிவாகியுள்ளது. அதற்காக அவர்கள் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. யஃகூபு நபியின் வரலாறும் நாம் அறிந்ததே. அழகிய பொறுமையை மேற்கொள்வதாகச் சொன்ன அதே தந்தைக்கு யூசுபை நினைந்து நினைந்து துயரால் கண்கள் வெளுத்துப்போயின. மற்ற மக்கள் அவரைக் கண்டித்தும் அவர் நினைவை விடவில்லை. பொறுமையும் பார்வை போகுமளவு துயரமும் ஒரே உள்ளத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் பதினோரு வயது மகன் காய்ச்சலில் இறந்தான். தந்தை மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் கடையைத் திறந்தார். ஊரார் அவர் பொறுமையைப் புகழ்ந்தனர். மனைவியோ, 'இவருக்கு நெஞ்சில் ஈரமில்லை' என்று எண்ணிப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பின் மையவாடி சென்று ஒரு நாழிகை உட்கார்ந்துவிட்டு வருவதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. நம் வழக்கில் பெண்கள் பெரும்பாலும் மையவாடி செல்வதில்லை ஆதலின், அம்மையாருக்கு அது தெரிய வழியும் இல்லை. சில ஆண்டுகள் கழித்துக் குழி வெட்டும் பெரியவர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லியே தெரிந்தது. இடையில் ஓடிய ஆண்டுகளில் இருவரும் தத்தம் துயரைத் தனித்தனியே சுமந்தனர். இது அருகிய நிகழ்ச்சியன்று; பெரியோர்கள் தாம் அறிந்த இல்லங்களை எண்ணிப் பார்க்கலாம்.

முன்னாளில் இத்துயரம் இல்லாத வீடே அரிது. பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், பிறகு பிறக்கும் பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயரிடுவர். பிச்சையெடுத்துப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சை என்பர். நம்மவரிலும் பிச்சை முகம்மது என்ற பெயர் உண்டு. வேண்டாத பொருளென்று நினைத்தாவது எமன் விட்டுச் செல்லட்டும் என்ற எண்ணம் அது. அப்பெயரை ஏளனம் செய்யும் மாணவர்கள், அதற்குள் எத்தனை சிறுகல்லறைகள் உள்ளன என்று அறியார். பெயர் உயிரோடிருக்கும் பிள்ளையுடையது. துயரம் முன்னே போன பிள்ளைகளுடையது.

பிள்ளைகளை வாரிச் சென்ற நோய்களுள் பெரியம்மை முதன்மையானது. அதற்கான அம்மைப்பாலைத் தயாரித்த கிங் நோய்த்தடுப்பு நிறுவனம் 1899-இல் தொடங்கப்பெற்றது நம் கிண்டியில்தான். 1980-இல் பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அவ்வளாகத்திலேயே 2023 ஜூனில் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையும் திறக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படித் தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிரம்புமுன் இறப்போர் 13 பேர். அனைத்திந்திய அளவில் 28 பேர். நன்றி கூறத்தக்க மாற்றம் இது. ஆயினும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. தெருவில் பத்து வீட்டுத் தாய்மார் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களாய் இருந்த காலத்தில், பதினோராம் தாய்க்குக் கட்டி அழ ஆளிருந்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பிள்ளை இறந்தால், அண்டை வீட்டார்க்கு என்ன சொல்வதென்றே தெரிவதில்லை. ஒப்பாரி அறிந்த கிழவியும் இல்லை. எழும் ஒரு குரலும் பிறர்க்கு இடையூறாகுமோ என்று அடங்கிவிடுகிறது. அவ்வாறு அடங்கிய குரலே சுவரொட்டியின் 'பெற்றோர்' என்னும் ஒரு சொல்லில் சுருங்கிக் கிடக்கிறது எனலாம்.

வாய்மொழி அடைபட்ட இடத்தில் செயல் பேசத் தொடங்குகிறது. பொருள் படைத்தோர் கல்லெழுப்புவது பழைய வழக்கம். சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராயிருந்த எலிகு யேல் தம் ஒரே மகன் டேவிட்டை 1688-இல் இழந்தார். நான்கு வயதும் நிரம்பாத அப்பிள்ளை, தாயின் முதற்கணவர் அடங்கிய கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டான். பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பி உயர்ந்து நிற்பது அக்கல்லறைதான். ஒரே குழிக்குக் கணவனையும் மகனையும் கொடுத்த அந்தத் தாயை, அதனைக் காண வருவோர் நினைப்பதில்லை. அமெரிக்காவில் லீலண்டு ஸ்டான்ஃபோர்டு இணையர் 1884-இல் பதினைந்து வயது மகனை இழந்து, அவன் பெயரால் ஒரு பல்கலைக்கழகமே நிறுவினர். நம் கல்லூரிகளில் வழங்கப்பெறும் அறக்கட்டளைப் பரிசுகள் சிலவற்றின் பின்னும் இத்தகைய கதை உண்டு. தமிழில் முதல் மதிப்பெண் பெற்றதற்காகப் பரிசு வாங்கும் மாணவர், உறையின் மேல் அச்சிடப்பட்டுள்ள பெயருக்குரியவர் என்ன வயதில் இறந்தார் என்று கேட்டறிதல் நன்று.

பதினைந்து வயது என்றதும் தமிழ்நாட்டார்க்கு நினைவு வருவது இதேந்திரன். 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவுற்ற அம்மாணவனின் பெற்றோர் அசோகன், புட்பாஞ்சலி ஆகிய இருவரும் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவர்கள். மகனின் உறுப்புகளைத் தானமாக அளிக்க அவர்கள் இசைந்தனர். அவன் இதயத்தைச் சென்னையின் ஒரு மருத்துவமனையிலிருந்து முகப்பேருக்குக் கொண்டுசெல்லக் காவல்துறை வழியொதுக்க, வண்டி பதினொரு நிமிடத்தில் சென்றடைந்தது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்புக்கொடை ஓர் இயக்கமாய் வளர்ந்ததற்கு அந்நிகழ்ச்சி பெருந்தூண்டுகோலாயிற்று. உறுப்புக்கொடை அளிப்போரின் உடல் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்படும் என்று 2023 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. உறுப்புக்கொடை குறித்து நம் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனுள் நாம் இங்குப் புகவில்லை. நாம் சொல்ல வந்தது வேறு. மருத்துவராகிய அவ்விருவரும் மூளைச்சாவு என்பதன் பொருளை மற்ற பெற்றோரினும் தெளிவாக அறிந்தவர்கள். நம்பிக்கொண்டிருக்க ஒரு பொய்யும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தாயும் தந்தையும் வேறுவேறு மொழி பேசும் துயரத்தில், அன்று இருவரும் சேர்ந்து ஒரு சொல் சொன்னார்கள்.

அவ்வாறு சேர்ந்து நின்ற இன்னொரு இணையர் நாகப்பட்டினத்துப் பரமேசுவரனும் சூடாமணியும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் தம் மூன்று மக்களையும் இழந்தவர்கள். அன்று பரமேசுவரனின் பிறந்தநாள். வெறுமையான வீட்டில் இருக்கமாட்டாது, பெற்றோரை இழந்த பிள்ளைகளை அவ்வீட்டிற்கே அழைத்து வந்து 'நம்பிக்கை' என்ற இல்லம் அமைத்து வளர்த்தனர். பிள்ளையற்ற பெற்றோரும் பெற்றோரற்ற பிள்ளைகளும் ஒரே அலையால் ஆனவர்கள் அன்றோ!

எல்லோர்க்கும் அத்தகைய வலிமையும் வாய்ப்பும் அமைவதில்லை. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். பெரும்பாலும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். அவர்தம் பெற்றோர்க்குக் கட்டடம் எழுப்பப் பொருளில்லை. அவர்கள் கைக்கொண்டது வழக்கு. தந்தையரும் தாயரும் கூலி வேலையை விட்டு நீதிமன்றப் படியேறினர். பத்தாண்டுகள் கழித்து 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூரில் தீர்ப்பு வந்தது. இராவணன் வாளெடுத்த சினத்தை இவர்கள் மனுவாக எழுதிக் கொடுத்துக் காத்திருந்தனர் என்று கூறின் தவறாகாது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையைச் சொல்லி வளர்ந்த சோழநாட்டிலேயே இது நிகழ்ந்தது.

ஆண்டுதோறும் ஜூலை 16 வரும்போது அப்பெற்றோர் பள்ளி இருந்த இடத்தின் முன் பிள்ளைகளின் படங்களை வைத்து மாலையிட்டு விளக்கேற்றுகின்றனர். தம் பிள்ளை விரும்பி உண்ட பண்டத்தைப் படத்தின் முன் வைப்போரும் உண்டு. சிவநேசர் குடத்தின் முன் வைத்த அமுது நம் நினைவுக்கு வருகிறது. அன்று பத்து வயதிலிருந்த பிள்ளை தீர்ப்பு வந்த ஆண்டில் இருபதை எட்டியிருக்கும். இருந்திருந்தால் கல்லூரி முடித்திருப்பான், இருந்திருந்தால் இவளுக்கு மணமாகியிருக்கும் என்று கணக்கிடுவது பெற்றோர் இயல்பு. படத்தில் உள்ள முகத்துக்கோ இன்னும் பத்து வயதே ஆகிறது.